நோர்வே நாட்டுப் போர்ப் பதக்கங்களும் அவற்றின் வரிசை முறையும்

வீரரைச் சிறப்பிக்கும் வழக்கம் அரசு என்னும் அமைப்புப் போலவே தொன்மை வாய்ந்தது. கழல் அணிவித்தும், மாலை சூட்டியும், நிலம் வழங்கியும், பட்டம் கொடுத்தும் அரசர் தம் வீரரைப் போற்றினர். ஐரோப்பிய நாடுகளிற் கடந்த இரு நூற்றாண்டுகளாக இச்சிறப்பு உலோகத்தாலான சிலுவை, பதக்கம் ஆகிய வடிவங்களைப் பெற்று, நிறநாடாவிற் கோக்கப்பட்டு, வீரனின் மார்பில் இடம்பெறலாயிற்று. இப்பதக்கங்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் வடிவையும் நிறத்தையும் உலோகத்தையுமே நோக்குவர். வரலாற்று மாணவன் நோக்கவேண்டியது பிறிதொன்றுண்டு. அது அவை வைக்கப்படும் வரிசையாகும். எப்பதக்கம் முன்னே அணியப்படுகின்றது, எது பின்னே அணியப்படுகின்றது என்னும் வினாவுக்குரிய விடையில், அந்நாடு எச்செயலை எச்செயலினும் மேலாக மதிக்கின்றது என்னும் உண்மை அடங்கியுள்ளது.

இவ்வுண்மையை விளக்குதற்கு நோர்வே நாடு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். இரண்டாம் உலகப் போர் அதனைத் தாக்கியபோது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் மக்களே. அச்சிறு நாட்டின் பதக்க வரிசையிலே அரசர் உருவாக்கிய பொன்னொளி வீசும் கௌரவங்கள் பல இருந்தும், வெண்கலத்தாலான எளிய சிலுவையொன்றே முதலிடம் பெற்றுள்ளது. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதனையும், அவ்வரிசை எல்லோர்க்கும் நீதி செய்ததா என்பதனையும் ஈண்டு ஆராய்வோம்.

உயர்குடியை ஒழித்த நாடு

நானூறு ஆண்டுகள் வரை டென்மார்க்குடன் இணைந்திருந்த நோர்வே, 1814ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் எய்ட்ஸ்வோல் என்னுமிடத்திலே தனக்கெனவோர் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே சுவீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இணைய நேர்ந்ததெனினும், அவ்வரசியலமைப்பு நிலைபெற்றது. அதன் 23ஆம் உறுப்புரை நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. சிறந்த பணிக்குக் கைம்மாறாக மன்னர் கௌரவச் சின்னங்களை வழங்கலாம் என அது கூறுகின்றது. ஆனால், அவ்வாறு வழங்குவதை நாடறிய வெளிப்படுத்தல் வேண்டும் எனவும் கட்டளையிடுகின்றது. அதனோடு அமையாது, அக்கௌரவம் எவரையும் குடிமக்களுக்குரிய பொதுக் கடமைகளினின்றும் சுமைகளினின்றும் விடுவிக்காது எனவும், அரசாங்க உயர்பதவிகளிற் புகுவதற்கு எவ்வித முன்னுரிமையும் தராது எனவும் வரையறை செய்கின்றது. எனவே, நோர்வேயிற் பதக்கம் பெற்றவன் போற்றப்படுவான். ஆனால், சட்டத்தின் முன் அயலவனினும் உயர்ந்தவன் ஆகான்.

இக்கொள்கை ஏட்டளவில் நிற்கவில்லை. பரம்பரை உயர்குடிமையை ஒழிக்கும் சட்டத்தை நோர்வே நாடாளுமன்றம் 1815ஆம் ஆண்டிலும் 1818ஆம் ஆண்டிலும் நிறைவேற்றியது. இருமுறையும் மன்னரின் ஒப்புதல் கிடைத்திலது. மூன்றாம் முறையாக 1821ஆம் ஆண்டில் அதே சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, மன்னர் கார்ல் யோஹான் அதனைத் தடுக்க இயலாதவராயினர். பிறப்பினால் வரும் சிறப்பை இவ்வாறு மும்முறை முயன்று அகற்றிய மக்கள், மார்பில் அணியும் சிறப்பையும் ஐயத்துடனேயே நோக்கியதில் வியப்பில்லை.

புனித ஓலாவ் கௌரவ அணி

ஐரோப்பிய அரசர் தம் மதிப்புக்குரியோரைப் பல படிகளாக வகுத்துச் சேர்த்துக்கொள்ளும் கௌரவக் குழாங்கள் உண்டு. அவற்றைக் கௌரவ அணிகள் எனலாம். நோர்வேக்கென அத்தகையதோர் அணியை 1847ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள் மன்னர் முதலாம் ஒஸ்கார் நிறுவினார். 1030ஆம் ஆண்டு ஸ்டிக்லெஸ்டாட் போர்க்களத்தில் வீழ்ந்த ஓலாவ் மன்னரின் பெயரை அது தாங்கியது. நீதியும் உண்மையும் என்பது அதன் குறிக்கோள் மொழி. சுவீடனின் கௌரவங்களையே பெற்றுவந்த நோர்வே மக்களுக்குத் தம் நாட்டின் பெயரால் ஒரு சிறப்புக் கிடைத்தமை அக்காலத்தில் தேசிய உணர்வுக்கு இசைந்ததாயிற்று.

இவ்வணியிற் பெருஞ்சிலுவை, தளபதி, வீரர் எனப் படிநிலைகள் உண்டு. பெருஞ்சிலுவை பெற்றவர் அகன்ற நாடாவை வலத்தோளினின்று இடப்பக்க இடை வரை குறுக்காக அணிவர். தளபதிநிலையினர் சிலுவையைக் கழுத்தில் அணிவர். வீரர்நிலையினர் மார்பில் அணிவர். இவ்வணியின் சின்னங்கள் பெற்றவரின் உடைமையாகா. அவர் மேற்படிக்கு உயரும்போதோ, உயிர் நீத்தபோதோ அவை திருப்பியளிக்கப்படல் வேண்டும். தந்தையின் சிறப்பு மைந்தனுக்குச் செல்லாது என்னும் 1821ஆம் ஆண்டின் தத்துவம் இவ்விதியிலும் ஒலிப்பதனைக் காணலாம்.

1904ஆம் ஆண்டில் இரண்டாம் ஒஸ்கார் மன்னர் நோர்வேச் சிங்கம் என்னும் பிறிதோர் உயர்ந்த அணியையும் நிறுவினார். அடுத்த ஆண்டே சுவீடனுடனான இணைப்பு முறிந்தது. மக்களின் வாக்கெடுப்பால் அரியணைக்கு அழைக்கப்பட்ட டென்மார்க் இளவரசர் கார்ல், ஏழாம் ஹாகோன் என்னும் பெயருடன் நோர்வே மன்னரானார். அவர் அச்சிங்க அணியை எவருக்கும் வழங்காது விட்டு, 1952ஆம் ஆண்டில் முறைப்படி ஒழித்தார். மக்கள் வாக்கினால் வந்த மன்னருக்கு மன்னர்களை மகிழ்விக்கும் அணி வேண்டியிருக்கவில்லை போலும்.

இலண்டனிற் பிறந்த சிலுவை

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜேர்மனியப் படைகள் நோர்வேயிற் புகுந்தன. மறுநாள் நீபெர்க்சுண்ட் என்னும் சிற்றூரிலே ஹாகோன் மன்னர் தம் அமைச்சரைக் கூட்டி, ஜேர்மனியர் திணிக்க விரும்பிய அரசாங்கத்தைத் தாம் நியமிக்கப்போவதில்லை எனவும், அமைச்சர் வேறுவிதமாக எண்ணின் தாம் முடிதுறக்க ஆயத்தமாயுள்ளதாகவும் அறிவித்தார். அமைச்சரவையும் அவர் வழி நின்றது. இரு மாதம் வரை நிகழ்ந்த போருக்குப் பின், ஜூன் 7ஆம் நாள் மன்னரும் அரசாங்கமும் துரும்சோ நகரினின்று பிரித்தானியக் கப்பலேறி நாட்டை விட்டு நீங்கினர்.

இலண்டனில் அமைந்த அவ்வரசாங்கத்துக்கு நிலமில்லை. ஆயினும், கடலிற் கப்பல்களும், வானில் விமானிகளும், நாட்டினுள்ளே மறைந்து போரிடுவோரும் இருந்தனர். அவர்தம் வீரத்தை மதிக்க ஏற்ற சின்னம் ஒன்று தேவைப்பட்டது. பல படிகளைக் கொண்ட பழைய கௌரவ அணி அதற்குப் பொருந்தவில்லை. 1941ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் ஹாகோன் மன்னர் போர்ச் சிலுவையையும் போர்ப் பதக்கத்தையும் நிறுவினார். போர்ச் சிலுவை வெண்கலத்தாலானது. அதன் நடுவே நோர்வேயின் அரசச் சின்னம் பொறிக்கப்பட்டுள்ளது. போர்க்களத்திற் காட்டிய தனிச்சிறந்த வீரத்துக்கும் தலைமைக்கும் உரியதாயின், அதன் நாடாவில் சிறு வாளொன்று பொருத்தப்படும். ஒருவர் மீண்டும் அச்சிலுவைக்கு உரியராயின் மேலும் ஒரு வாள் சேரும். களத்துக்கு வெளியே ஆற்றிய பணிக்கு வாளின்றிச் சிலுவை மட்டும் வழங்கும் ஏற்பாடும் தொடக்கத்தில் இருந்தது.

இச்சிலுவையிற் படிநிலைகள் இல்லை என்பது சிறப்பாக நோக்கற்பாலது. படைத்தலைவனுக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் அதே வெண்கலம், அதே நாடா, அதே வாள். செய்தவன் யாவன் என்பதன்று, செய்த செயல் யாது என்பதே அங்குக் கேட்கப்படும் கேள்வி. வேற்றுநாட்டவருக்கும் அது மறுக்கப்படவில்லை. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நார்விக் துறைமுகத்திலே பிரித்தானிய நாசகாரிக் கப்பல்களை நடத்திச் சென்று உயிர்நீத்த கப்பற்றலைவர் வார்பேட்டன்-லீ என்பாருக்கு, பிரித்தானியாவின் விக்டோரியா சிலுவையுடன் நோர்வேயின் போர்ச் சிலுவையும் இறந்தபின் வழங்கப்பட்டது.

1945ஆம் ஆண்டில் நாடு விடுதலையடைந்தபோது மேலும் சில சின்னங்கள் தோன்றின. போர்க்காலத்தில் பிறவாறு பெரும்பணி செய்தோருக்கு ஏழாம் ஹாகோன் விடுதலைச் சிலுவையும் விடுதலைப் பதக்கமும் ஏற்பட்டன. படையெடுப்பை எதிர்த்துப் போரிலும் நாட்டின் காப்பிலும் பங்குகொண்டோருக்குப் பங்காளர் பதக்கம் உண்டாயிற்று.

வரிசையும் அணியும் முறையும்

இனி, வரிசையை நோக்குவோம். முதலிடம் வாளுடன் கூடிய போர்ச் சிலுவைக்குரியது. இரண்டாம் இடம் படைக்குரியதன்று; 1819ஆம் ஆண்டிற் கார்ல் யோஹான் நிறுவிய குடிமைப்பணிப் பதக்கத்தின் பொற்பிரிவுக்குரியது. மூன்றாவதாகவே புனித ஓலாவ் கௌரவ அணி நிற்கின்றது. 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரச தகைமை அணி நான்காவது. ஓக்குமரக் கிளையுடன் கூடிய புனித ஓலாவ் பதக்கம், போர்ப் பதக்கம், விடுதலைச் சிலுவை, பங்காளர் பதக்கம், அமைதிக்காலப் படைச் சேவைக்குரிய பதக்கங்கள் முதலியன இந்நான்கின் கீழே இடம்பெறுவன. வீரச் செயலை அரசவைக் கௌரவத்துக்கு மேலாக வைப்பது நோர்வேக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவிலும் விக்டோரியா சிலுவை, கார்ட்டர் என்னும் பழம்பெரும் அணிக்கு முன்னே வைக்கப்படுகின்றது. ஆயினும், குடிமகன் ஒருவனின் பொதுப்பணிக்குரிய பதக்கத்தைப் போர்வீரத்துக்கு அடுத்தபடியிலும், அரச அணியின் பெருஞ்சிலுவைக்கு மேலேயும் வைத்தமை, 1814ஆம் ஆண்டின் உணர்வு இன்னும் மங்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

அணியும் முறை இவ்வரிசையைக் கண்முன்னே காட்டுவது. பதக்கங்கள் இட மார்பில் ஒரே நிரலில் அணியப்படும். உயர்ந்தது மார்பின் நடுவை நோக்கி நிற்க, ஏனையவை தத்தம் படிக்கேற்ப இடத்தோட் பக்கமாகத் தொடரும். தாய்நாட்டின் பதக்கங்கள் முன்னும், பிறநாட்டுப் பதக்கங்கள் அவற்றின் பின்னும் அமையும். அன்றாடச் சீருடையிற் பதக்கத்துக்குப் பதிலாக அதன் நாடாத் துண்டு மட்டும் சிறு பட்டியிற் பொருத்தப்பட்டிருக்கும். மாலை விருந்துகளுக்குரிய உடையில் சிற்றுருவப் பதக்கங்கள் இடம்பெறும். பெற்றவரே அணியலாம், மரபுரிமையாக வந்த பதக்கத்தை மைந்தரும் பெயரரும் பேணி வைக்கலாமேயன்றித் தமதாக அணிதல் முறையன்று. ஆகவே, முறையறிந்தவன் ஒரு வீரனின் மார்பை நடுவினின்று இடப்புறமாக நோக்கிச் செல்வானாயின், அவ்வீரனின் வாழ்க்கை வரலாற்றையே படித்தவனாவான்.

இரு மார்புகள் கூறும் வரலாறு

ருயூக்கான் என்னும் ஊரில் 1918ஆம் ஆண்டிற் பிறந்த குன்னார் சென்ஸ்டெபி, ஜேர்மனியர் ஆட்சிக்காலத்தில் ஒஸ்லோ நகரிற் பல பெயர்களில் மறைந்து திரிந்து, நாசவேலைக் குழுவொன்றின் தலைவராக விளங்கியவர். போர்ச் சிலுவையை மூன்று வாளுடன் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் 2012ஆம் ஆண்டில் மறைந்தபோது அரசு தன் செலவிலே இறுதிச் சடங்கு நடத்தியது. ஆயினும், 2007ஆம் ஆண்டில் ஒஸ்லோவில் நாட்டப்பெற்ற அவருடைய சிலை, பதக்கம் நிறைந்த முதியவரைக் காட்டவில்லை. மிதிவண்டியருகே நிற்கும் இளைஞன் ஒருவனையே காட்டுகின்றது. வாள் மூன்றும் எதற்காக வழங்கப்பட்டனவோ அச்செயலின் காலத்து உருவம் அது.

மற்றையவர் லைஃப் லார்சன். மீன்பிடிப் படகுகளிலே ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் நோர்வேக் கரைக்குமிடையே ஆட்களையும் ஆயுதங்களையும் கொண்டுசென்று, 52 பயணங்களை மேற்கொண்டவர். போர்ச் சிலுவையை வாளுடன் பெற்ற இவருக்குப் பிரித்தானியாவும் பல பதக்கங்களை அளித்தது. அவற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அக்காலப் பிரித்தானிய முறையிற் கடற்படை மாலுமிக்கு ஒரு பதக்கமும் அதிகாரிக்குப் பிறிதொரு சிலுவையும் எனப் பிரிவிருந்தது. எனவே, மாலுமிகளுக்குரிய சிறந்த தீரப் பதக்கமும் சிறப்புச் சேவைப் பதக்கமும் ஒருபுறம், அதிகாரிகளுக்குரிய சிறப்புச் சேவைச் சிலுவையும் சிறப்புச் சேவை அணியும் மறுபுறமாக, இரு வகையும் அவர் மார்பில் ஒருங்கே நின்றன. வீரன் ஒருவனே, வீரமும் ஒன்றே, பதவி உயர்ந்தபோது பதக்கத்தின் பெயர் மாறிற்று. நோர்வேயின் சிலுவையோ பதவியைக் கேட்கவில்லை. பிரித்தானியா அவ்வேறுபாட்டை 1993ஆம் ஆண்டிலேயே நீக்கியது.

வரிசைக்கு வெளியே நின்றோர்

இதுகாறும் கூறியவற்றால், செயலையே நிறுக்கும் நேர்மையான தராசு ஒன்றை நோர்வே அமைத்துக்கொண்டது என்பது பெறப்படும். ஆனால், எத்துணை நேர்மையான தராசாயினும் தட்டில் வைக்கப்பட்டதையே நிறுக்கும், வைக்கப்படாததை நிறுக்கமாட்டாது. நோர்வேயின் வரலாற்றில் இக்குறையும் காணப்படுகின்றது.

போர்க்காலத்தில் நேசநாடுகளுக்கு நோர்வே அளித்த பெருந்துணை அதன் வணிகக் கப்பற்றொகுதியே. உலகில் நான்காவது பெரியதாயிருந்த அக்கப்பற்றொகுதியில், பகைவர் கைப்படாத ஏறத்தாழ 1,000 கப்பல்கள் நோர்ட்றாஷிப் என்னும் அரசாங்க நிறுவனத்தின் கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 மாலுமிகள் அவற்றிற் பணிபுரிந்தனர். எண்ணெயும் உணவும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்த அவர்களுள் 3,000 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுக்குரிய போர் இடர்ப்படியின் ஒரு பகுதி, பிரித்தானிய மாலுமிகளின் ஊதியத்துக்கு ஒப்ப இருத்தல் வேண்டுமென்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டு, தனி நிதியொன்றிற் சேர்க்கப்பட்டது. போருக்குப் பின் அந்நிதியைத் தமக்கே தருமாறு மாலுமிகள் கேட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1954ஆம் ஆண்டில் அவர்களுக்கு எதிராக முடிந்தது. 1972ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் அவர்களுக்கு நன்கொடையாக ஒரு தொகையை வழங்கியது. அதற்குள் இறந்துபட்டோர் பலர். 2013ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் சார்பிற் பாதுகாப்பு அமைச்சர் அம்மாலுமிகளிடம் மன்னிப்புக் கோரினார். கடலில் மாண்டோரின் போர்ப் பதக்கங்கள் அண்மை ஆண்டுகளிலும் அவர்தம் உறவினர் கைகளில் ஒப்படைக்கப்பட்டு வந்துள்ளன.

வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பகுதியின் மறைபோராளர் நிலையும் இத்தகையதே. அவர்கள் எல்லை கடந்து சோவியத் படைக்கு உளவுத் துணை செய்தனர். போர் முடிந்து வல்லரசுகளிடையே பகைமை மூண்டபோது, அதே பணி அவர்கள்மீது ஐயத்தை விளைவித்தது. போற்றப்பட வேண்டியோர் கண்காணிக்கப்படுவோராயினர். ஐந்தாம் ஹாரால்ட் மன்னர் 1992ஆம் ஆண்டிற் கீபெர்க் என்னும் கடற்கரையூரிலே அவர்களுக்குரிய நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தபோதே நாடு அவர்களை நன்றியுடன் நோக்கியது எனலாம். பொதுவுடைமையாளரைக் கொண்டிருந்த ஒஸ்வால்ட் என்னும் நாசவேலைக் குழுவினருக்கும் ஒஸ்லோவில் நினைவுச்சின்னம் எழுந்தது 2015ஆம் ஆண்டிலேதான். இவர்தம் வீரம் குறைந்ததன்று. அவர் நின்ற அணி பிற்கால அரசியலுக்கு உவப்பானதன்று. செய்தவன் யாவன் எனக் கேளாத சிலுவையின் நாட்டிலேயே, யாவன் என்னும் அக்கேள்வி மறைமுகமாகக் கேட்கப்பட்டுவிட்டது.

மீண்டும் திறந்த கதவு

இரண்டாம் உலகப் போரின் செயல்களுக்கே போர்ச் சிலுவை உரியதாய் நெடுங்காலம் இருந்தது. அதற்கிடையில், 1978ஆம் ஆண்டு முதல் 1998ஆம் ஆண்டு வரை 20,000 பேருக்கு மேற்பட்ட நோர்வேயர் ஐக்கிய நாடுகளின் படையில் லெபனானிற் பணிபுரிந்தனர். பின்னர் ஆப்கானிஸ்தானிலும் நோர்வேப் படைகள் போரிட்டன. அங்கு ஒருவன் எத்துணை வீரம் காட்டினும் நாட்டின் முதற்பதக்கம் அவனுக்கு எட்டாததாயிருந்தது. 2009ஆம் ஆண்டில் அவ்விதி திருத்தப்பட்டு, பிற்காலப் போர்களில் ஆற்றிய செயல்களுக்கும் போர்ச் சிலுவை வழங்க வழி பிறந்தது. 2010ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானிற் கண்ணிவெடியால் உயிரிழந்த துரொண்ட் பொல்லே என்னும் கடற்படை வீரருக்கு 2011ஆம் ஆண்டில் அச்சிலுவை வாளுடன் வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அதனைப் பெற்ற எய்ரிக் கிறிஸ்தோஃபர்சன் 2020ஆம் ஆண்டிற் படைகளின் தலைவரானார். நாடு விடுதலையடைந்த நாளாகிய மே 8ஆம் நாள், 2011ஆம் ஆண்டு தொடக்கம் முன்னாட் படைவீரர் நாளாகவும் கொண்டாடப்படுகின்றது. தந்தையர் காலத்து வீரமும் மைந்தர் காலத்து வீரமும் ஒரே நாளில் நினைக்கப்படுதல் பொருத்தமே.

முடிவுரை

நோர்வேயின் பதக்க வரிசை நமக்கு உணர்த்துவன இரண்டு. பிறப்பாலும் பதவியாலும் வரும் சிறப்பை ஒதுக்கிவிட்டுச் செயலை மட்டும் முதன்மைப்படுத்தல் ஒரு நாட்டுக்கு இயலும் என்பது ஒன்று. பொன்னுக்கும் மேலாக வெண்கலம் அங்கு வீற்றிருப்பது அதற்குச் சான்று. வரிசை எத்துணைச் சீரியதாயினும், அவ்வரிசையில் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது என்பதனை மாந்தரே முடிவு செய்கின்றனர் என்பது மற்றொன்று. எண்ணெய்க் கப்பலில் எரிந்து மாண்ட மாலுமியும் வடகரையில் ஐயுறவுக்கு ஆளான மறைபோராளனும் அதற்குச் சான்று. முன்னையது விதிகளால் அமைவது. பின்னையதைத் திருத்த விதிகள் போதா. மறைந்துகிடக்கும் செயல்களைத் தேடியெடுத்துத் தட்டில் வைக்கும் பொறுமையும் நேர்மையும் வேண்டும். வரலாறு கற்போரின் கடமை அதுவேயாம்.